கணக்கில் வராத மூன்று அம்பியர்

நாசமாய்ப் போன பியூஸ் மறுபடியும் போய்விட்டது.

முத்துலிங்கம் ஒரு காலைக் காற்சட்டைக்குள் விட்டபடி, மற்றக் கால் வெளியே நிற்க, இருட்டில் சுவரைத் தடவினார். மேசையில் பாதி அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டுக் கிடந்தது. வலது கை மடிப்போடு, இடது கை கசங்கலோடு. பாமன்கடை ரியூட்டரியில் ஐம்பது பிள்ளைகள் பௌதிகவியல் வகுப்புக்கு வந்து குந்தியிருப்பார்கள். அவர்களுக்கு மின்னோட்டமும் தடையும் படிப்பிக்கிற மாஸ்டரின் வீட்டில் ஒரு பியூஸ் நிற்குதில்லை. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

"ஆரது கரண்ட் அடுப்புப் போட்டது? ஆரெண்டு கேக்கிறன்!" என்று கத்தினார்.

பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் மூச்சு விடவில்லை. கீழேயிருந்து வீட்டுக்காரி ஹமீமா உம்மாவின் குரல்தான் படியேறி வந்தது.

"மாஸ்டர்! திரும்பவும் இருட்டா? யா அல்லாஹ், என்னையும் சேத்து உள்ளுக்குத் தள்ளாம வுட மாட்டீங்க போல!"

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்த வீடு. மேல்மாடியைப் பலகையடித்து மூன்று அறையாக்கி வாடகைக்கு விட்டிருந்தார் ஹமீமா. முன் அறையில் முத்துலிங்கமும் மனைவி நேசமும். தொண்ணூற்றைந்து யுத்த இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். நடு அறையில் கொட்டாஞ்சேனைக்காரி றோஸி, கப்பல் கம்பனி ஒன்றில் டைப்பிஸ்ட். கடைசி அறையில் திரீவீலர் ஓட்டுகிற ஜாபிர். மூன்று அறைக்கும் பொதுவாக ஒரு குசினி, ஒரு பியூஸ். பல்ப், ஃபேன், ரேடியோ, அயன் பொக்ஸ் பாவிக்கலாம். கரண்ட் அடுப்பு மட்டும் கூடவே கூடாது, சமையல் குசினியில் மண்ணெண்ணெய் அடுப்பில்தான். இது ஹமீமா உம்மாவின் சட்டம். யாராவது களவாய் அடுப்புப் போட்டால் உடனே பிடிபட வேண்டும் என்று, பியூஸில் ஒற்றைச் செப்பிழைதான் கட்ட விடுவார். ஏழு அம்பியர் தாண்டினால் அது உருகிவிடும்.

பியூஸ் போனால் என்ன, மெழுகுதிரி கொளுத்தினால் போச்சு என்று சொல்லக்கூடிய காலமா அது? ஒழுங்கை முழுக்க வெளிச்சமாய் இருக்க ஒரு மேல்மாடி மட்டும் இருண்டால், தமிழ் ஆட்கள் இருட்டுக்குள் என்ன செய்கிறார்கள் என்று ரோந்து போகிறவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். போன கிழமை அப்படித்தான் வந்தார்கள். எல்லோரையும் றோட்டில் இறக்கி வரிசையாக நிறுத்தி, இந்த முகவரியில்தான் தங்குகிறோம் என்ற பொலிஸ் பதிவுத் துண்டை டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். ஹமீமா உம்மாவையும் விடவில்லை. அன்றைக்கு அவர் சொன்ன சொல் இதுதான்: "இனி இந்த மாடி இருண்டா, மாச முடிவோட எல்லாரும் வேற எடம் பாத்துக்கோங்க. எனக்கு ஏலாது."

வேற இடம்! வடக்கு அடையாள அட்டைக்காரனுக்குக் கொழும்பில் அறை எடுப்பதென்றால் என்னவென்று எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். முகவரி போனால் பதிவு போய்விடும். பதிவு இல்லையென்றால் மறிக்கிற முதல் சென்ட்ரிக் காவலிலேயே கைதாகி ட்ரக்கில் ஏற வேண்டியதுதான்.

முத்துலிங்கத்தின் நெஞ்சுக்குள் இதைவிட இன்னொரு நெருப்பும் இருந்தது. நேசத்தின் தம்பி குகதாசன் வன்னியிலிருந்து வந்து சில நாள் அவர்களுடைய அறையில் பாய் போட்டுப் படுத்தவன். நாளைக்குப் பதிவோம், நாளைக்குப் பதிவோம் என்று அவனுடைய பேரைப் பொலிஸில் பதியாமலே விட்டுவிட்டார்கள். காலி வீதியில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு கிழமை. எங்கே தங்கினாய் என்ற கேள்விக்கு அவன் இன்னும் வாய் திறக்கவில்லை என்றுதான் தெரிந்தது. திறந்திருந்தால் இவர்களைத் தேடி வந்திருப்பார்களே.

"பொலிஸ் ஸ்டேஷன் பக்கம் தலை வச்சும் படுக்கக் கூடாது," என்று முத்துலிங்கம் அன்றைக்கே நேசத்திடம் சொல்லிவிட்டார். "போனா, பதியாம ஆள் வச்சதெண்டு எங்களையும் பிடிப்பாங்கள், இந்த அறையும் போகும். லோயர் ஒராளிட்டச் சொல்லியிருக்கு. பொறு."

நேசம் அதற்குப் பிறகு தம்பியைப் பற்றி அவருடன் கதைக்கவே இல்லை. பின்னேரம் ஆறு மணியானால் றோஸியின் அறைக்குப் போய்விடுவாள். அந்தோனியாருக்குச் செபம் செய்கிறார்களாம். சைவக்காரிக்கு அந்தோனியார் மேல் என்ன புதுப் பக்தி என்று முத்துலிங்கம் முணுமுணுத்தாலும், அழுது கொண்டிருப்பதைவிட அது மேல் என்று விட்டுவிட்டார்.

அன்றைக்குப் பியூஸைக் கட்டிவிட்டு, பாதி கசங்கிய சேட்டோடு வகுப்புக்கு ஓடினார். வழியில் சென்ட்ரி மறித்தது. மறிக்காமல் என்ன செய்யும்? மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, மினுக்கிய சப்பாத்து, கையில் புத்தகம் என்று போனால் "மாஸ்டர், யன்ன" என்று போக விடுகிற அதே பொடியன், இன்றைக்கு மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓரமாய் நிற்கச் சொன்னான். கொழும்பில் இருக்கிற தமிழனுக்கு அடையாள அட்டைக்கு அடுத்த காவல் சேட்டு மடிப்புத்தான் என்பது முத்துலிங்கத்தின் முடிந்த முடிவு. அதனால்தான், வகுப்பு உள்ள நாளில் புறப்படுமுன் தன் கையால் அயன் பண்ணினால்தான் அவருக்கு மனம் ஆறும். "காலமை நான் அயன் பண்ணி வச்சா என்னப்பா?" என்று நேசம் இரண்டு மூன்று தரம் கேட்டுப் பார்த்தாள். "காலமை பண்ணினா பின்னேரம் கசங்கிப் போம். உனக்கு விளங்காது," என்றுவிட்டார்.

ஓரமாய் நின்ற அந்த நேரத்தில் அவருக்கு அடுப்புக் கள்ளன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யாரோ ஒரு சோம்பேறி தேத்தண்ணி கொதிக்க வைக்க, நான் இங்கே நடுறோட்டில் நிற்கிறேன்! வரட்டும். நான் படிப்பிக்கிற பாடத்தாலேயே ஆளைப் பிடிக்கிறேன்.

அடுத்த நாள் கூட்டாளி ஒருவரிடம் பெரிய அம்பியர்மானி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். முதலில் அறை அறையாய்ப் போய் விசாரணை. மொத்தம் ஐந்து பல்ப், இரண்டு ஃபேன், ஜாபிரின் ரேடியோ. எல்லாம் கூட்டினால் நானூற்று அறுபது வாற்ஸ். இருநூற்று முப்பது வோல்ற்றால் பிரித்தால் சரியாய் இரண்டு அம்பியர். இரண்டு அம்பியருக்கு எந்தப் பியூஸாவது உருகுமா?

"ஜாபிர், உண்மையைச் சொல்லும். உம்மட்ட அடுப்பு இல்லையோ?"

"அல்லாஹ்வுக்காக இல்ல மாஸ்டர். நான் சாப்பிடுறதே கடையில." ஜாபிர் முகட்டைப் பார்த்தான்.

"றோஸி, நீர்?"

"என்னட்ட ஒரு பல்ப், ஒரு ஃபேன், ஒரு அந்தோனியார். அவ்வளவுதான் மாஸ்டர்." றோஸி சிரித்தாள். அந்தச் சிரிப்பு முத்துலிங்கத்துக்குத் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அன்றைக்கு வகுப்பு இல்லை. அம்பியர்மானியைப் பியூஸோடு தொடராக இணைத்துவிட்டு, படிக்கட்டிலிருந்து அறை வாசல்களுக்குப் போகிற ஒடுங்கிய ஓடைக்குள் ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊசி இரண்டில் நின்றது. ஆறு மணியளவில் ஒரு புதினம் நடந்தது. ஊசி ஏறவில்லை, இறங்கியது. ஒன்றரை, ஒன்று, ஒன்றுக்கும் கீழே. யாரோ ஒவ்வொன்றாய் நிறுத்துகிற மாதிரி. அவருடைய அறை பல்பும் ஃபேனும் ஓடை பல்பும்தான் மிச்சமாய் இருந்தன. பிறகு ஒரே பாய்ச்சலில் ஐந்தைத் தாண்டிப் போய் நின்றது.

"பிடிபட்டாய்!" முத்துலிங்கம் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சுவரிலேயே கணக்குப் போட்டார். ஏறியது நாலேகாலுக்குச் சற்று மேல். அதை இருநூற்று முப்பதால் பெருக்கினால் வலு ஆயிரம் வாற்ஸ். வோல்ற்றை அம்பியரால் பிரித்தால் தடை ஐம்பத்து மூன்று ஓம் சொச்சம். பல்ப் இல்லை, ஃபேன் இல்லை. சுருள் கம்பி அடுப்பேதான், சந்தேகமே இல்லை.

ஆனால் பியூஸ் போகவில்லை. அதுதான் அவரைச் சாக்காட்டியது. ஊசி ஐந்து சொச்சத்தில் நின்றது நின்றபடி. எல்லா பல்பையும் ஃபேனையும் மறுபடி போட்டாலும் ஆறரைக்கு மேல் போகாதே! ஏழு தாண்டாமல் அந்தச் செப்பிழை எப்படி உருகும்? அது சட்டென்று உருக ஊசி எட்டுக்காவது ஏற வேண்டும்; இன்னும் ஒரு மூன்று அம்பியர் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. அப்படியென்றால் அடுப்பு ஒன்றல்ல, இரண்டு! இந்த வீட்டில் ஒரு கள்ளன் இல்லை, கள்ளக்கூட்டமே இருக்கிறது. அரை மணித்தியாலம் நின்று பார்த்தார். இடையில் ஜாபிர் ஒரு பையோடு படியிறங்கி ஓடினான். கால் உளைந்ததுதான் மிச்சம். நேசம் செபம் முடிந்து வந்து, "இன்னும் அதிலேயோ நிக்கிறியள்?" என்று கேட்டாள். முகம் வியர்த்திருந்தது. அவரோ ஊசியிலிருந்து கண் எடுக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே படியிறங்கிப் போய் ஹமீமா உம்மாவிடம் சொன்னார்: "இண்டைக்கு ஆறு மணிக்கு மேல வாங்கோ. ஆளைக் கையும் களவுமாய்ப் பிடிச்சுத் தாறன். ஆராயிருந்தாலும் இண்டைக்கே வெளியில போட வேணும். ஒருத்தர் செய்யிற கூத்துக்கு நாங்கள் எல்லாரும் ஏன் அழிய வேணும்?"

"ஆராயிருந்தாலுமா மாஸ்டர்?"

"ஆராயிருந்தாலும்!"

நேசத்துக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் றோஸியின் காதுக்குப் போய்விடும் என்று பயம். அன்றைக்கு வகுப்பு நாள். நேசம் செபத்துக்குப் போக வாசலில் நின்றாள். அவர் சேட்டை மேசையில் விரிப்பதைப் பார்த்தாள், சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன கையோடு ஹமீமா உம்மா மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். முத்துலிங்கம் அவரை அம்பியர்மானிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு இருத்தினார்.

"இந்த ஊசியைப் பாருங்கோ உம்மா. ஏழைத் தாண்டிப் பாய்ஞ்சால் உடனே கூப்பிடுங்கோ. நான் உடுத்திக்கொண்டு வாறன்."

அறைக்குள் வந்து அயன் பொக்ஸைச் செருகினார். சூடேறும் வரைக்கும் காற்சட்டையை மாட்டினார். முதுகுப் பக்கத்தை அழுத்தி முடித்து, கொலரை எடுக்கும்போது ஹமீமா உம்மா ஓடைக்குள் இருந்து கூச்சல் போட்டார்.

"மாஸ்டர்! எட்டுக்கு மேல பாஞ்சிட்டு! ஓடி வாங்க!"

அயன் பொக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு, வெறும் மேலோடு ஓடினார். நேரே றோஸியின் கதவு. தட்டவில்லை, தோளால் ஒரே தள்ளு.

உள்ளே பல்ப் எரியவில்லை. ஃபேன் சுற்றவில்லை. நிலத்தில் செக்கச் சிவந்த கம்பிச் சுருள், அதன்மேல் ஒரு சட்டி. சட்டிக்குப் பக்கத்தில் அகப்பையோடு குந்தியிருந்தது நேசம். றோஸி சாப்பாட்டுக் கரியரின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜாபிர் திரீவீலர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

அந்தக் கணத்தில் முத்துலிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் ஓடை வெளிச்சம் பொசுக்கென்று போனது. பியூஸ் போய்விட்டது. இருட்டுக்குள் அடுப்புச் சுருள் மட்டும் கொஞ்ச நேரம் சிவந்து கிடந்தது. அந்தச் சிவப்பில் நேசம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயோ?"

"ஓம். நான்தான்." அவள் எழும்பவில்லை. "குகனுக்குக் கஞ்சி. கடவாய் வீங்கிப் போய்க் கிடக்கிறான். கஞ்சியைத் தவிர வேற ஒண்டும் இறங்குதில்லையாம். குசினியில காய்ச்சினா உங்களுக்குத் தெரிஞ்சுபோம்."

"நான் கொண்டு போய்க் குடுக்கிற, மாஸ்டர்," என்றான் ஜாபிர். "கூட்டாளி எண்டு செல்லித்தான். ஏழு மணி தாண்டினா கேட்ல எடுக்க மாட்டானுவ."

 கடவாய் வீங்கியது ஏன் என்று முத்துலிங்கம் கேட்கத் தேவையில்லை. எங்கே தங்கினாய் என்ற கேள்விக்கு அவன் வாய் திறக்காததன் விலை அது. அந்த விலையில்தான் இவர் இந்தக் கூரைக்குக் கீழே நின்று சேட்டு அயன் பண்ணிக்கொண்டிருந்தார். ஆனாலும் நாக்கு வேறு எங்கோ போய் விழுந்தது.

"பியூஸ் போகுதெண்டு தெரிஞ்சுகொண்டும்... ரோந்து வருமெண்டு தெரிஞ்சுகொண்டும்..."

"அடுப்பால பியூஸ் போகல்ல மாஸ்டர்," என்றாள் றோஸி. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "அடுப்புப் போட முன்ன நாங்க எல்லாத்தையும் நிப்பாட்டிருவம். என்ட பல்ப், என்ட ஃபேன், ஜாபிர்ட ரேடியோ, குசினி லைட், எல்லாம். நீங்க மெசின் வச்சுப் பாத்த அண்டைக்குப் போச்சா? போகல்லதானே. அண்டைக்கு நீங்க அயன் பண்ணல்ல."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்! அயன் பொக்ஸின் கைபிடிக்குக் கீழே எழுநூற்றைம்பது வாற்ஸ் என்று பொறித்திருப்பது அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இருநூற்று முப்பதால் பிரித்தால் மூன்றேகால் அம்பியர். நாலேகாலும் மூன்றேகாலும் ஏழரை, அதோடு அவர் ஒருநாளும் நிறுத்தாத அவருடைய பல்பும் ஃபேனும். வீட்டில் இருந்த ஒவ்வொரு பல்பையும் எண்ணிச் சுவரில் எழுதியவர், தன் கையில் பிடித்திருந்ததை எண்ணவில்லை. மூன்று பேர் இருட்டுக்குள்ளும் புழுக்கத்துக்குள்ளும் இருந்து அந்தச் சட்டிக்குக் கரண்ட் விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விட்டுக் கொடுக்காதவர் ஒருத்தர்தான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" முத்துலிங்கம் கத்தினார். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அந்தக் கோதாரி அயன் பொக்ஸைத் தூக்கி எறிஞ்சிருப்பனே!"

நேசம் சட்டியைத் துணியால் மூடினாள்.

"சொன்னா நீங்கள் கணக்குப் பாப்பியள்," என்றாள்.

ஹமீமா உம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்துவிட்டார். "ஆரு மாஸ்டர்? ஆள் பிடிபட்டா?"

முத்துலிங்கம் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். "ஓம் உம்மா. அயன் பொக்ஸ். என்ர அயன் பொக்ஸ்தான். நான் அதைக் கணக்கில சேர்க்கேல்லை."

"எனக்குக் கண் இல்லையா? ஈக்கி மாஸ்டர். மூக்கும் ஈக்கி." ஹமீமா உம்மாவின் கோபம் இருட்டுக்குள் இரட்டிப்பாய்க் கேட்டது. "அந்தப் புள்ள மேல படுத்ததும் எனக்குத் தெரியும். படியில ஒரு சோடிச் செருப்புக் கூடிப் போனா வீட்டுக்காரிக்குத் தெரியாதா? நீங்களா வந்து செல்லுவீங்க, பேரப் பதிவம் எண்டு பாத்துக்கொண்டு ஈந்தன். படிச்ச மனுசன், ஒளிச்சு வச்சீங்க. ஒளிச்சதுதான் வினை! மறைக்காம பதிஞ்சிருந்தா அவன் இண்டைக்கு அங்க கெடப்பானா?"

 கீழே காலி வீதிப் பக்கம் ஒரு வாகனம் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது.

"போய்ச் செல்லுங்க, ஹமீமாட வீட்டில ஈந்தவன் எண்டு. கேட்டா நானும் வந்து செல்றன். என்னத்தையும் இனி ஒளிச்சுப் பிரயோசனமில்ல. இப்ப முதல்ல லைட்டப் போடுங்க, ரோந்து வர முன்ன! அப்பொறம் அந்த அடுப்பு நாளைக்கு இந்த வீட்டில ஈக்கக் கூடாது. கஞ்சி என்ட குசினியில காய்ச்சலாம்."

முத்துலிங்கம் தட்டுத்தடுமாறிப் பியூஸைக் கட்டினார். இருட்டில் இழை இரண்டு தரம் நழுவியது. அதைச் செருகுமுன் அறைக்கு ஓடி அயன் பொக்ஸைப் பிடுங்கினார், ஃபேனை நிறுத்தினார், பல்பை நிறுத்தினார். திரும்பி வந்து பியூஸைச் செருக, ஓடை பல்ப் ஒன்று மட்டும் றோட்டுக்குத் தெரிய எரிந்தது. றோஸியின் அறையில் சுருள் மறுபடி சிவந்தது. கஞ்சி கொதிக்கும் வரைக்கும் அவரும் மற்றவர்களோடு இருட்டுக்குள் நின்றார்.

பிறகு சேட்டைப் போட்டார். முதுகு மடிப்பாய் இருந்தது. கொலரும் முன்பக்கமும் கைகளும் சுருங்கிப் போய்க் கிடந்தன. நேசம் கரியரை ஜாபிரிடம் நீட்ட, இடையில் கை போட்டு வாங்கினார்.

"வகுப்பு?" என்றாள் நேசம்.

"வகுப்பும் மண்ணாங்கட்டியும்."

அவள் அவருடைய கொலரைத் தன் இரண்டு விரலால் ஒருக்கால் நீவிவிட்டாள். அது நிமிரவில்லை.

திரீவீலரில் கரியர் மடியில் சுட்டது. சென்ட்ரியில் டோர்ச் அடித்தார்கள், இறக்கினார்கள், கரியரைத் திறந்து குச்சியால் கிண்டினார்கள். கசங்கிய சேட்டைப் பார்த்த பார்வை அவர் எதிர்பார்த்த பார்வைதான். ஜாபிர் சிங்களத்தில் பகிடி விட்டுச் சமாளித்தான். ஸ்டேஷன் கேட்டுக்கு வந்தபோது அங்கே நின்ற பொலிஸ்காரன் ஜாபிரைத் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டிவிட்டு, முத்துலிங்கத்தைப் பார்த்து, "மே கவுத?" என்றான்.

இவர் யார் என்ற அந்தக் கேள்விக்கு ஜாபிர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முத்துலிங்கம் அவனை முந்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"உள்ளே இருக்கிறவன், மகே மஸ்ஸினா," என்றார். என் மச்சான் என்று. தமிழும் சிங்களமும் கலந்து, குரல் தேவைக்கு அதிகமாய்ச் சத்தமாக வந்தது.

பொலிஸ்காரன் கரியரை வாங்கி மேசையில் வைத்தான். அவன் இளம்வயதுக்காரன், களைத்துப் போயிருந்தான். இவ்வளவு நாளும் கூட்டாளிதானே வந்தான், சொந்தக்காரன் நீ எங்கே இருந்தாய் என்று சிங்களத்தில் கேட்டான். கோபமாய்க் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டான்.

 இரண்டு ஒழுங்கை தள்ளி, மேல்மாடியில் இருந்து சேட்டு அயன் பண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை முத்துலிங்கம் எந்தப் பாஷையில் சொல்வது?

பொலிஸ்காரன் கொப்பியை இழுத்துப் பேனையைத் திறந்தான்.

"எட்ரஸ்?"

முத்துலிங்கம் வீட்டு இலக்கத்திலிருந்து தொடங்கி, ஒழுங்கையின் பேர், மேல்மாடி, முன் அறை என்று ஒன்றையும் விடாமல் சொன்னார்.